முதலில் ஓடிவரும் விந்தணுதான் ஜெயிக்குமா?

கேள்வி: விந்தணுவும் கருமுட்டையும் எப்படி இணைகின்றன? முதலில் போய்ச் சேரும் விந்தணுதான் உள்ளே நுழையுமா?

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், கையில் ஒரு லேப் ரிப்போர்ட் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பரீட்சைக்காகக் கேட்டிருந்தால் பாடப்புத்தகமே போதும். நான் டாக்டர் இல்லை, மும்பை செம்பூரில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற ஆள். எங்கள் எம்பிரியாலஜிஸ்ட் (லேபில் முட்டை, விந்தணு, கருவைக் கையாளும் நிபுணர்) பொறுமையாகச் சொன்னதும், அப்புறம் நான் தேடிப் படித்ததும்தான் இது.

"கோடிப் பேரை முந்தி வந்தவன் நீ" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா அடிக்கடி அனுப்புவார். அப்படியெல்லாம் இல்லை. கோடிக்கணக்கில் கிளம்பினாலும் கருக்குழாயில் முட்டை இருக்கும் இடம்வரை வந்து சேர்வது சில நூறுதான். அதிலும் பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்டால்தான் முட்டையோடு சேரும் தகுதியே வரும். முந்தி வந்தது பக்குவமாகாமல் நிற்கும், பிந்தி வந்தது உள்ளே போய்விடும்.

எனக்குக் கவுண்ட் (விந்தணு எண்ணிக்கை), மொட்டிலிட்டி (அவை நீந்தும் திறன்) எல்லாம் நார்மல். அதனால் வீட்டில் எல்லார் பார்வையும் என் மனைவி மேல். அம்மா, குழந்தை வரம் வேண்டிப் போகும் திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வந்து அவள் கையில் மட்டும் கொடுத்தார். எனக்கு ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது. (ஆண்களைக் குறை சொல்கிறாயா என்று கமெண்டில் வராதீர்கள், நானும் ஆண்தான்.)

கடைசியில் ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து லேபில் விந்தணுவோடு சேர்க்கும் முறை. 1986லேயே பரேல் கேஇஎம் ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழு செய்து காட்டிய ஊர் இது. 1978லேயே கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி இதைச் செய்ததை மறந்துவிட்டாயா என்பவர்களுக்கு: மறக்கவில்லை.

எடுத்த முட்டைகளைச் சுற்றி விந்தணுக்களை விட்டு இன்குபேட்டரில் வைத்தார்கள். மறுநாள் காலை போன் வந்தது. ஒன்றுகூடக் கருவாகவில்லை. நேரில் போனபோது மானிட்டரில் படம் காட்டினார் எம்பிரியாலஜிஸ்ட். முட்டையின் வெளியுறை முழுக்க விந்தணுக்கள் அப்பிக்கொண்டிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த உறைக்கு சோனா பெலுசிடா என்று பெயர். விந்தணுவின் தலையில் ஒரு தொப்பிபோல இருக்கும் பை உடைந்து நொதிகள் வெளிவர வேண்டும். வால் வேகமாக அடித்துத் தள்ளி உறையைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் வேலை முடிந்துவிடாது. விந்தணுமேல் உள்ள இசுமோ என்ற புரதமும் முட்டைமேல் உள்ள ஜூனோ என்ற புரதமும் பிடித்துக்கொண்டால்தான் இரண்டின் சவ்வுகளும் ஒன்றாகும். முதலாவதை 2005இல் ஜப்பானிலும், அதன் ஜோடியை 2014இல் பிரிட்டனிலும் கண்டுபிடித்தார்கள். ஒன்று நுழைந்ததும் முட்டைக்குள் கால்சியம் அலை கிளம்பும், உறை இறுகும், ஜூனோ உதிர்ந்துவிடும். அடுத்தவனுக்குக் கதவு அடைப்பு. பாதியில் நின்றிருந்த தன் குரோமோசோம் பிரிவை முட்டை முடிப்பதே அதற்கு அப்புறம்தான். அப்பாவின் 23, அம்மாவின் 23 தனித்தனி வட்டமாக உள்ளே நிற்கும். மறுநாள் காலை லேபில் தேடுவது அந்த இரண்டு வட்டங்களைத்தான். இதில் எந்தப் படியில் சிக்கலோ, கவுண்ட் ரிப்போர்ட்டில் அது தெரியாது. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு வேறு கதை.

அடுத்த முறை இக்ஸி. 1992இல் பெல்ஜியத்தில் முதல் குழந்தைகள் பிறந்த முறை. கண்ணாடி ஊசியால் ஒரு விந்தணுவின் வாலைத் தட்டி அசையாமல் செய்து, உறிஞ்சி, முட்டைக்குள் வைத்துவிடுவார்கள். இந்த முறை இரண்டு வட்டங்களும் தெரிந்தன. என் மகள் எந்த ஓட்டப்பந்தயத்திலும் ஜெயித்துப் பிறக்கவில்லை, அந்த எம்பிரியாலஜிஸ்ட் பார்த்து எடுத்த ஒன்றில் பிறந்தாள்.

சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐவிஎஃப்புக்காக என் மனைவி ஊசி போட்டுக்கொண்டிருந்த வாரத்தில் வீட்டின் 11 மாச அக்ரிமென்ட் முடிந்தது. ஓனர் நீட்டிக்க மறுத்துவிட்டார். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்தை ஐஸ் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் உட்கார்ந்து வந்தாள் என் மனைவி. புது வீடு அதே தெருவில், பழைய புரோக்கர்தான், அதற்கும் முழு ஒரு மாச வாடகை வாங்கிக்கொண்டார். மும்பை புரோக்கரேஜ் பற்றி யாராவது தனியாக ஒரு கேள்வி போடுங்கள், அதற்கு இதைவிட நீளமாக எழுதுகிறேன்.