கேளுங்கள், சொல்கிறேன்: காலையில் சிக்காத காற்று

கேள்வி: புயலைப் பல நாள் முன்பே சொல்லிவிடுகிறீர்கள். இடிமழையோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி மரங்களைச் சாய்க்கும் ‘டெரேச்சோ’ காற்றை மட்டும் அன்று காலையில்கூட உறுதியாகச் சொல்வதில்லையே, ஏன்?

பதில்: குத்தல் இருந்தாலும் நியாயமான கேள்விதான். புயல் கடலில் பல நாள் சுற்றும். அதைத் தொடர்ந்து கவனிக்க அவகாசம் உண்டு. டெரேச்சோ சில இடிமேகங்களாகத்தான் பிறக்கும். மழை ஆவியாகி, குளிர்ந்த காற்று தரையில் பரவும். அது முன்னால் இருக்கும் வெப்பக் காற்றை நெம்பி மேலே தூக்க, அங்கே புது மேகம் பிறக்கும். இப்படியே ஓட்டம் தொடரும். முதல் மேகம் எங்கே கிளம்பும் என்பதில் கணினி கொஞ்சம் தவறினாலும் மொத்தக் கணக்கும் போச்சு.

ஈரமும் வெப்பமும் எவ்வளவு சேர்ந்து கிடக்கின்றன என்பது முந்தின நாளே தெரியும். அதற்கு மேலே ஒரு வெப்ப அடுக்கு மூடிபோல அழுத்திக்கொண்டிருக்கும். அந்த மூடி திறந்தால்தான் மேகம் கிளம்பும்; திறக்குமா என்பதுதான் சிக்கல். வானிலை கணிக்கும் வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் ‘மூடி திறக்காது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். ராத்திரி ஜன்னல் படபடத்த பிறகுதான் எழுந்தேன்!

அமெரிக்காவில் 2012 ஜூன் 29 அன்று வாஷிங்டனில் வெயில் 40 டிகிரி. காலை அறிவிப்பில் அபாயம் கீழ்ப்படியில்தான் இருந்தது. இரவில் காற்று நகரத்தைப் புரட்டிவிட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவா மாநிலத்தை அடித்த டெரேச்சோ 14 மணி நேரத்தில் 1,200 கி.மீ.க்கு மேல் ஓடியது. அன்றும் பொழுது ஏற ஏறத்தான் எச்சரிக்கையின் படியும் ஏறியது.

மேகம் கிளம்பிவிட்டால் எங்கள் கண் ரேடாரில்தான். மழைப்பட்டை வில்லாக முன்னால் வளைந்தால் வயிற்றைக் கலக்கும். அதைவிட நான் தேடுவது, அதன் முன்விளிம்பில் தெரியும் நூல் போன்ற மெல்லிய கோட்டை. குளிர்காற்றின் முனை அது. மழையை விட்டு வெகுதூரம் முன்னே ஓடிவிட்டால், அப்பாடா, மேகத்துக்குத் தீனி அறுந்தது. ஒட்டிக்கொண்டே வந்தால் அடுத்த ஊர்களுக்கும் உடனே சொல்லியாக வேண்டும்.

கேள்வி: வந்து போனது டெரேச்சோவா, சுழன்றடிக்கும் டொர்னாடோவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விழுந்த மரங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தால் டெரேச்சோ போன்ற நேர்க்காற்று. உள்நோக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் டொர்னாடோ. ‘நேராக’ என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லைத்தான் 1888-ல் வானிலை ஆய்வாளர் குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ் இந்தக் காற்றுக்குப் பெயராக்கினார். மனிதர் வேதியியல் பேராசிரியரும்கூட!