பட்டம் படித்த மகளும் காவலர் பயிற்சி ஆணையும்

செங்கோட்டையை அடுத்த புளியரையிலிருந்து ஒரு தாயார் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். மகள் பி.காம். முடித்தவர், கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தவர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, பயிற்சியில் சேருவதற்கான ஆணையும் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் அமைதி இல்லை. பட்டம் வாங்கிய பெண்ணைப் பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் வேலைக்கு அனுப்புவது குடும்பத்துக்குக் கௌரவக் குறைவு என்கிறார் பெரியப்பா. சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. இடத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் பேசி வைத்திருக்கிறார். புனலூரில் கடை வைத்திருக்கும் தாய்மாமா கடனுக்கு ஜாமீன் நிற்பதாகச் சொல்கிறார். தாயாரின் கவலை இவர்களுடையதிலிருந்து வேறானது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் துன்புறுத்தப்பட்டு இறந்த செய்தி அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. "அப்படி ஒரு இடத்தில் என் பிள்ளை என்னவாக மாறிப்போவாள்?" என்று கேட்டார்.

அம்மா, உங்களிடம் நேரில் சொன்னதையும் நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து, இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. உங்கள் கவலை நியாயமானது. பெரியப்பாவின் யோசனைதான் தவறானது.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். பத்து இலட்சம் ரூபாயைப் பதினொரு விழுக்காடு வட்டிக்கு வாங்கி ஏழு ஆண்டுகளில் அடைப்பதானால், மாதத் தவணை ஏறக்குறைய 17,000 ரூபாய் வரும். இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். அகவிலைப்படி முதலானவை அதற்கு மேல். அதாவது, ஒரு வழியில் மாதந்தோறும் உங்கள் மகளின் கைக்கு வரக்கூடிய தொகை, மற்ற வழியில் ஏறத்தாழ அப்படியே வங்கிக்குப் போகிறது. அதுவும், படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்குமா என்று எவரும் உறுதி சொல்லாத நிலையில். உங்களுக்கு இருப்பது ஒரு வயலும் வீடும். அவற்றை அடகு வைத்து இந்தப் படிப்பை வாங்குவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். ஜாமீன் போடும் தாய்மாமாவின் பாசத்தை மதிக்கிறேன். ஆனால் ஜாமீன் கையெழுத்து தவணையைக் குறைப்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, பி.எட். ஆகியவற்றைப் பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்லிவிட்டிருப்பார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கையில் இருக்கும் இந்த ஆணை எதைத் தருகிறது என்பதை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

காவலர் பயிற்சி என்றால் ஓட்டமும் கவாத்தும் துப்பாக்கியும் என்றே ஊரில் நினைக்கிறார்கள். அவை உண்டு, விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆனால் அதே பயிற்சியின் மறுபாதி வகுப்பறையில் நடக்கிறது, அங்கே கற்பிக்கப்படுவது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நாட்டின் மூன்று அடிப்படைக் குற்றவியல் சட்டங்களும் மாறிவிட்டன: இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். இருபது ஆண்டு அனுபவமுள்ள காவலர்களுக்குக்கூடக் கொலை என்றால் 302, மோசடி என்றால் 420 என்றுதான் இன்னும் நாவில் வருகிறது. அவை இப்போது 103, 318. இன்று பயிற்சிக்குப் போகிற பெண், மறக்க வேண்டியது எதுவும் இல்லாமல் புதிய சட்டத்தை முதலிலிருந்தே கற்றுக்கொள்கிறாள். ஒரு காவல் நிலையத்தில் இளையவளாகச் சேருகிறவளுக்கு இதைவிடப் பெரிய மதிப்பு வேறில்லை. கல்லூரிக் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியதைக் கட்டணமின்றி, ஊதியத்துடன் படிக்கிறாள் என்பதையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் அச்சத்துக்கு நேரடியாகப் பதில் தருவது கைது பற்றிய பாடம். கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடமும், கைதான செய்தியையும் வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் அவர் குறிப்பிடும் உறவினரிடமும் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். காவல் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்த விதிகளில் பலவும் இப்போது சட்டத்தின் பிரிவுகளாகவே இருக்கின்றன. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் முன்னிலையாகும்படி அறிவிப்பு கொடுத்தாலே போதும். சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்வதற்கு விதிவிலக்கான காரணமும், பெண் அதிகாரியும், நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். பெண்களையும், பதினைந்து வயதுக்குட்பட்ட, அறுபது வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குக் காவலர்தான் போக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காவல்துறை அதிகாரியிடம் சொல்லப்படும் குற்ற ஒப்புதலை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக நீதிமன்றம் ஏற்காது; அந்த வாக்குமூலத்தின் வழியாகப் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதோடு தொடர்புடைய பகுதி மட்டும் பயன்படும். ஒப்புதலைப் பெறுவதற்காகக் காயப்படுத்துவது நியாய சன்ஹிதாவின் 120-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். அடித்து வாங்கும் வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை, அடித்தவருக்குச் சிறை உண்டு என்ற இந்த இரண்டையும் இருபத்திரண்டு வயதில் ஆழமாகப் படித்துவிட்டவள், மேலதிகாரி சொன்னார் என்பதற்காக லத்தியைத் தூக்கும் முன் ஒரு கணம் நிற்பாள். மேலதிகாரியின் உத்தரவு என்ற வாதம் சித்திரவதைக்குக் காரணமாகாது என்பதை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979-இல் ஏற்ற சட்ட அமலாக்க அலுவலர் நடத்தை நெறியும் சொல்கிறது. நம் நாட்டுக் காவலர்களுக்கென்று மத்திய உள்துறை அமைச்சகம் 1985-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நடத்தை நெறியில், காவலர்கள் நீதிமன்றத்தின் வேலையைத் தம் கையில் எடுத்துத் தீர்ப்பளிக்கவோ பழிவாங்கவோ கூடாது என்று இருக்கிறது. காவலரும் பொதுமக்களில் ஒருவரே. குடிமக்கள் எல்லாருக்கும் உள்ள கடமையை முழுநேரமாகச் செய்வதற்கென்று அமர்த்தப்பட்டவர் என்பதுதான் அந்த நெறியின் அடிப்படை.

சாத்தான்குளத்தைச் சொன்னீர்கள். அந்த இரவில் அந்நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தாம் கண்டதை விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் சொன்னார். அதன் பிறகு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த வழக்கு எந்தத் திசையில் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மகள் என்னவாக மாறிப்போவாள் என்று கேட்டீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் யார் இருக்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

அந்தப் பயிற்சி மட்டும் ஒருவரை நேர்மையானவராக ஆக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். விடியலிலிருந்து ஓடிக் களைத்த உடலோடு சட்ட வகுப்பில் உட்காரும்போது கண் சொருகும். பலர் தேர்வுக்காகப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்துவிட்டுப் பயிற்சி நிறைவு அணிவகுப்போடு மறந்துவிடுகிறார்கள். நிலையத்துக்கு வந்ததும், "அதெல்லாம் அங்கே படித்தது, இங்கே வேறு" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆகவே சேருவதற்கு முன் இருக்கும் நாட்களிலேயே உங்கள் மகள் அரசமைப்பின் 14, 20, 21, 22-ஆம் உறுப்புகளையும், சுரக்ஷா சன்ஹிதாவில் 35 முதல் 62 வரையுள்ள கைதுப் பிரிவுகளையும் புகாரைப் பதிவது பற்றிய 173-ஆம் பிரிவையும் தமிழில் நிதானமாக, பொருள் புரிந்து படிக்கட்டும். பிறகு, யாராவது வந்து ஒரு புகாரைச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, சொன்னவரின் சொற்களிலேயே அதை எழுதிப் பழகட்டும். நிலையத்தில் புகார்களையும் பதிவேடுகளையும் எழுதும் ரைட்டரின் கையில்தான் ஏழையின் வழக்கு நிற்பதும் சாய்வதும் இருக்கிறது. பி.காம். படித்துக் கணக்கேட்டில் ஒழுங்காகப் பதிந்து பழகியவளுக்குப் நிலையத்தில் அன்றன்று நடப்பதைப் பதியும் பொது நாட்குறிப்பை நேரம் பிசகாமல் எழுதுவது கடினமாக இருக்காது. உண்மையில் அதுதான் அவளுக்கும் பாதுகாப்பு, நிலையத்துக்கு வருகிறவருக்கும் பாதுகாப்பு.

எல்லைப்புறத்துப் பிள்ளை என்பதும் அவளுக்கு ஒரு பலம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் செங்கோட்டை; மலையாளம் அவளுக்கு வீட்டிலும் சந்தையிலும் கேட்டு வளர்ந்த மொழி, படிக்கவும் தெரியும் என்றாள். ஆரியங்காவு அருகே பேருந்தில் நகையைப் பறிகொடுத்த ஒரு பெண், சோதனைச்சாவடி தாண்டி இறங்கி நம் பக்கத்து நிலையத்துக்கு வந்தால், "அது கேரளம், அங்கே போய்ச் சொல்லம்மா" என்று திருப்பி அனுப்புவதுதான் வழக்கமாக இருந்தது. பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 173-ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. பதிந்தபின் உரிய நிலையத்துக்கு அனுப்புவது நிலையத்தின் வேலை. முதல் தகவல் அறிக்கையின் படியையும் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பதற்றத்தில் மலையாளத்தில் அழுதபடி பேசும் ஒரு பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டு எழுதக்கூடியவர் இந்த நிலையங்களுக்கு மிகவும் தேவை. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு அங்கிருந்தே வந்து அள்ளிச் சென்றார்களே, அப்படிப்பட்ட வழக்குகளில் மலையாளத்தில் உள்ள ஒரு ரசீதைப் படிக்கத் தெரிவதே விசாரணைக்குப் பெரிய உதவி.

இதில் பெண் காவலருக்கென்று சட்டமே ஒதுக்கியிருக்கும் இடமும் உண்டு. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் தகவலைப் பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும். பெண்ணைச் சோதனையிடுவதைப் பெண்தான், கண்ணியம் கெடாமல் செய்ய வேண்டும். போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை அணியாமல், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பெற வேண்டும். உங்கள் மகளுக்குப் பட்டம் இருப்பதால் உதவி ஆய்வாளர் தேர்வும் அவளுக்குத் திறந்தே இருக்கிறது. அதில் துறையில் இருப்பவர்களுக்கென்று தனியாக 20 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. பெரியப்பா சொல்லும் கௌரவத்துக்கு அதுவே பதில்.

இத்தனையும் சொன்ன பிறகும், முடிவு உங்களுடையதோ என்னுடையதோ அல்ல. நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவளிடம் தனியாகக் கேட்டேன். சீருடை போட்டால் ஊரில் பயப்படுவார்கள் என்று சொல்லியிருந்தால், வேண்டாம் என்று நானே தடுத்திருப்பேன். "நிலையத்துக்குப் போகவே பயந்து எங்கள் பக்கத்து வீட்டு அக்கா புகார் கொடுக்கவில்லை, நான் அங்கே இருந்தால் வந்திருப்பார்" என்றாள். இந்த எண்ணம் உள்ள பிள்ளையை, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற கேள்வியை முன்வைத்து நிறுத்தக் கூடாது. கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஆணையில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில், அசல் சான்றிதழ்களுடன் அவள் சேர வேண்டும். நாள் தவறினால் வாய்ப்பும் தவறலாம் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரமே சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், என்.சி.சி. சான்று ஆகியவற்றின் படிகளை எடுத்து வைத்துவிடுங்கள். ஆணையிலுள்ள நிபந்தனைகளை, குறிப்பாக இடையில் விலகுவது பற்றியவற்றை, அவளும் நீங்களும் சேர்ந்து படியுங்கள். தேர்வுக்கு அவள் கட்டியது 250 ரூபாய். அதற்கு மேல், நல்ல பயிற்சிப் பள்ளி வாங்கித் தருகிறேன், சொந்த ஊரிலேயே பணியிடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்து பணம் கேட்டால், அவர் உங்கள் உறவினராகவே இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.