எரிபொருளை லிட்டரில் அளப்பதா, எடையில் அளப்பதா?

கேள்வி: காருக்கு லிட்டர் கணக்கில் பெட்ரோல் போடுகிறோம். கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் படகில் வேலை செய்யும் என் மைத்துனரோ, அங்கே எல்லாம் டன் கணக்குதான் என்கிறார். விமானிகளும் கிலோவில்தான் கணக்கிடுகிறார்களாம். ஏன் இந்த வேறுபாடு? அதிகாலையில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மையா?
- ஈசூன் வாசகர்

பதில்: எண்ணெய் சூடேறினால் விரியும், ஆனால் அதன் எடை மாறாது. எரியும்போது கிடைக்கும் ஆற்றலும் எடையையே சார்ந்தது என்பதால், பெருமளவில் வாங்குவோருக்கு லிட்டர் கணக்கு போதாது.

உங்கள் மைத்துனரின் தொழிலில் இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கப்பல்களுக்கான கனமான எண்ணெயைச் சூடாக்கினால்தான் குழாய் வழியே செலுத்த முடியும். முன்பெல்லாம் தொட்டிக்குள் அளவுநாடாவை இறக்கி, எண்ணெயின் மட்டத்தையும் வெப்பநிலையையும் குறித்து, அட்டவணையைப் பார்த்து டன்னாக மாற்றுவார்கள். எண்ணெயோடு காற்றைக் கலந்து நுரைக்கச் செய்தால் மட்டம் உயரும், எண்ணெய் உயராது. இந்த மோசடிக்குத் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பெயர் ‘கப்புச்சீனோ’. குழாயில் ஓடும்போதே எண்ணெயின் நிறையை நேரடியாக அளக்கும் ‘மாஸ் ஃப்ளோ மீட்டர்’ கருவியைக் கப்பல் எண்ணெய் விநியோகத்துக்கு 2017 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் கட்டாயமாக்கியது. உலகத் துறைமுகங்களில் இதை முதலில் செய்தது நாம்தான் என்பதில் பெருமைப்படலாம்.

விமானத்தின் சிக்கல் வேறு. எரிபொருள் வண்டியின் மீட்டர் லிட்டரைக் காட்டும். விமானிக்கோ மொத்தப் பாரம் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் விமான எரிபொருள் ஏறத்தாழ 0.8 கிலோ. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றின் எரிபொருள் காட்டி பழுதாகியிருந்ததால், தொட்டியில் இருந்த 7,682 லிட்டரை அளவுகோலால் அளந்து எடையாக மாற்றினார்கள். ஆனால் 0.8-ஆல் பெருக்குவதற்குப் பதிலாக, பவுண்டுக்குரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் கிலோ பதின்மூன்றாயிரத்துக்கு மேல் என்று கணக்கில் ஏறியது. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றுபோக, விமானிகள் அதை மிதக்கவிட்டே கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறக்கினார்கள். உயிரிழப்பு இல்லை.

இனி உங்கள் பெட்ரோலுக்கு வருவோம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பெட்ரோல் ஏறத்தாழ 0.1 விழுக்காடு விரியும். 10 டிகிரி வேறுபாடு இருந்தால்கூட 40 லிட்டருக்கு 400 மில்லிலிட்டரைத் தாண்டாது. நம் ஊர் நிலையங்களிலோ தொட்டிகள் நிலத்தடியில் இருப்பதால், காலைக்கும் மதியத்துக்கும் இடையே எண்ணெயின் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இதற்காக நீங்கள் அதிகாலையில் எழ வேண்டியதில்லை. எந்த நிலையத்தில் தள்ளுபடி அதிகம் என்று பார்த்துப் போடுங்கள்.