மரபணு மாற்றிய மிருகங்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டும் காலம் வருமா?

இன்னும் ஐம்பது வருடத்தில், மரபணுவை மாற்றி உருவாக்கிய நாயையும் மாட்டையும் கூண்டுக்குள் விட்டு, சாகும்வரை மோதவைத்துக் காசு பார்க்கும் உலகம் வந்துவிடுமா, அறிவியல் அதற்கு இடம் கொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் விலங்கியல் படித்துவிட்டு நண்டு வியாபாரம் பார்ப்பவன். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கடலை ஒட்டிய கிராமம். படித்ததைவிட எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, வளர்த்த சண்டைச் சேவல்களை வைத்துத்தான் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

சேவல் கேட்டு யார் வந்தாலும் ஐயா விலை பேசுவார். பெட்டையை மட்டும் கொடுக்க மாட்டார். முட்டைகூட வாசல் தாண்டாது. “சேவல் ஒரு களத்துக்கு, பெட்டை பத்து வருசத்துக்கு” என்பார். எந்தப் பெட்டையோடு எந்தச் சேவலைச் சேர்த்தார், அந்தக் குஞ்சு வளர்ந்து எந்தக் களத்தில் எத்தனை தண்ணி நின்றது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். (தண்ணி என்றால் சண்டைக்கு நடுவில் விடும் இடைவேளை. வாயில் தண்ணீரை வைத்துச் சேவலின் முகத்தில் புஸ்ஸென்று ஊதி, துடைத்து, மறுபடி இறக்குவார்கள்.) குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்திலேயே ஒன்றையொன்று கொத்திக் கிழிக்க ஆரம்பித்துவிடும் என்பதால் எங்கள் கொல்லையில் தனித்தனிப் பஞ்சாரம் கவிழ்த்திருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் கால் முள்ளில் துணியைச் சுற்றிப் பழக விடுவார். அதில் முதுகு காட்டிய சேவல் அந்த ஞாயிற்றுக்கிழமையே குழம்புச் சட்டிக்குப் போய்விடும்.

சின்ன வயதில் எனக்கு அது வெறும் கறி. கல்லூரி இரண்டாம் வருடத்தில், குணம் பார்த்து இனம் பெருக்குவது பற்றிப் பாடம் நடந்தபோதுதான் அப்பத்தா வைத்த குழம்பு என்னவென்று உறைத்தது. ஓடிப்போகிற குணத்தை ஐயா ஒவ்வொரு ஞாயிறாகத் தன் வர்க்கத்திலிருந்து கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

ஓடிப்போகிற குணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எங்கள் நண்டுக் கொட்டகையில் தினமும் பார்க்கிறேன். வலையிலிருந்து கழற்றிய நீலக்கால் நண்டில் இரண்டு ஆணைப் பேசினில் போடுங்கள். இரண்டும் கொடுக்கை அகல விரிக்கும், உடம்பைத் தூக்கிக் காட்டும், ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும். அப்புறம் சின்னது மெல்லப் பின்வாங்கிப் பேசின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். நண்டு ஒன்றும் சாது இல்லை. பசித்தால் தன் இனத்தையே தின்னும். ஆனால் தோற்றது ஒதுங்க இடம் இருந்தால் பெரும்பாலும் சண்டை அதோடு சரி. ஆடு, மாடு, மான் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். விட்டுக்கொடுத்து உயிரோடு போனதுதான் குட்டி போட்டு இனத்தைப் பெருக்கியிருக்கும்.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். தசை எவ்வளவு வளரலாம் என்று கடிவாளம் போடும் மரபணு ஒன்று உண்டு, மயோஸ்டேட்டின் என்று பெயர். 1997இல் அமெரிக்காவில் எலிகளில் அதை முடக்கிப் பார்த்தார்கள். தசைகள் இரண்டு மூன்று மடங்கு பருத்தன. பெல்ஜியன் ப்ளூ மாட்டில் இந்த மரபணு இயற்கையிலேயே பழுது. கன்று வயிற்றிலேயே பெருத்துவிடுவதால் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறார்கள். 2012இல் கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் கருவி வந்த பிறகு இப்படி வெட்டி ஒட்டும் வேலை எளிதாகிவிட்டது. 2020இல் அதற்கு நோபலும் கொடுத்தார்கள். 2015இல் சீனாவில் 65 நாய்க் கருக்களில் மயோஸ்டேட்டினை முடக்க முயன்றதில் 27 பீகிள் நாய்க்குட்டிகள் பிறந்தன. இரண்டில் மட்டும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் மாறியிருந்தன. ஒன்றுக்கு ஹெர்குலிஸ் என்று பெயர் வைத்தார்கள், வேறென்ன வைப்பார்கள்! 2024இல் அர்ஜென்டினாவில் இதே மரபணுவைத் திருத்தி ஐந்து போலோ குதிரைக் குட்டிகள் பிறந்தன. அந்நாட்டுப் போலோ சங்கம் இப்படிப்பட்ட குதிரைகளைத் தன் போட்டிகளில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, நீங்கள் சொல்லும் ஐம்பது வருடம் ரொம்பத் தாராளம்.

ஆனாலும் பருத்த உடம்பு மட்டும் களத்துக்குப் போதாது. யாராவது கொழுத்த சேவலைக் கொண்டுவந்து காட்டினால் ஐயா கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது கறிக்குத்தான்ப்பா ஆகும், களத்துக்கு மூச்சு வேணும்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மூர்க்கம் ஒரே மரபணுவில் உட்கார்ந்திருப்பதில்லை. பல மரபணுக்களின் சின்னச் சின்னப் பங்கும் வளர்த்த விதமும் சேர்ந்துதான் அது உண்டாகிறது. அதனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட விஞ்ஞானி சண்டை மிருகத்தைச் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. கறிக்காகத் திருத்திய ஒரு ஆட்டினமோ கோழியினமோ முறையான அனுமதியோடு சந்தைக்கு வரும். அதை ஒருவன் கொல்லைப்புறத்தில் தன் பழைய வர்க்கத்தோடு சேர்ப்பான். முதுகு காட்டியதைக் குழம்பு வைப்பான். எங்கள் ஐயா உயிரோடு இருந்து கையில் கிடைத்திருந்தால் அவரே செய்திருப்பார்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மரபணு மாற்றிய உயிரினங்களுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். மிருகங்களை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு எழுதிய அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எங்கள் பக்கம் சீமைக் கருவேலங்காட்டுக்குள், பழைய கரிமூட்டம் போட்ட வெட்டவெளியில் களம் அமைப்பார்கள். அங்கே ஒரு பந்தயத்தில் கைமாறும் பணத்துக்கு 50 ரூபாய் என்பது டீச்செலவு.

இன்னொன்று. இந்த மாதிரிக் கற்பனைகளில் மிருகத்தை மோதவிடுகிறவன் எப்போதும் கல்நெஞ்சக்காரன். ஐயா அப்படி இல்லை. கிழிந்த கொண்டையைத் தையலூசியால் தைத்து, மஞ்சள் அப்பி, ராத்திரி முழுக்க மடியில் வைத்திருப்பார். தோற்றுச் செத்த சேவலை, அதான் கோச்சை, ஜெயித்தவருக்குக் கொடுப்பார்கள். ஐயா ஜெயித்தாலும் ஒருநாளும் அந்தக் கறியைத் தின்றதில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு நடுகல்லே எடுத்திருக்கிறார்கள், சேவல் உருவத்தையும் வெட்டி. அந்தக் கல்லைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. நாளைக்கு மரபணு திருத்திய கிடாயை மோதவிடப் போகிறவனும் அதற்குப் பெயர் வைத்து, கொஞ்சி, தன் கையால் ஊட்டித்தான் வளர்ப்பான். எனக்குப் பயம் அதுதான்.

ஐயாவின் கடைசிச் சேவல், கருப்பு உடம்பும் செம்பட்டைக் கழுத்துமாக இருக்கும், வலது கண் களத்திலேயே போய்விட்டது. அவர் இறந்த பிறகு அதைக் களத்துக்கு எடுக்க ஆளில்லை, கொல்லையில் சும்மா திரிந்தது. எதிரே சேவலே கிடையாது. ஆனால் எவர்சில்வர் குடத்தில் தன் உருவம் தெரிந்துவிட்டால் போதும், இடது கண்ணைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாயும். கால் வீங்கி, அலகில் ரத்தம் வந்தும் நிற்காது. அப்பத்தா ரெண்டு நாள் விரட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் குடத்தின் மேல் சாக்கைப் போர்த்தினார். அது சாகும்வரை எங்கள் வீட்டுக் குடம் சாக்குக்குள்தான் இருந்தது.