கோடைப் பருவத்தில் எத்தனை பாடங்கள் எடுக்கலாம்?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் அருகே வசிக்கிறோம். பொறியியல் முதலாண்டு முடித்து வீட்டுக்கு வந்திருக்கும் என் மகன், இங்குள்ள கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) ஜூன் மாத ஐந்து வாரக் கோடைப் பருவத்தில் கால்குலஸ் 2, இயற்பியல், அமெரிக்க அரசாங்கம் ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு, ஒரு செமஸ்டர் முன்பே பட்டம் வாங்கப் போவதாகச் சொல்கிறான். வாரம் 20 மணி நேரம் கடையில் வேலையும் பார்க்கிறான். செலவு மிச்சம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வெறுமனே வேண்டாம் என்றால் அந்த வயதுப் பிள்ளை கேட்க மாட்டான். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி ஒரு கிரெடிட் என்பது, ஏறத்தாழ 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும் வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பும் சேர்ந்தது, அதாவது மொத்தம் 45 மணி நேரம். பருவம் ஐந்து வாரமாகச் சுருங்கினாலும் இந்த 45 சுருங்குவதில்லை என்பதால், ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 9 மணி நேரம் வேண்டும். கால்குலஸும் இயற்பியலும் நான்கு நான்கு கிரெடிட், அரசாங்கம் மூன்று. ஆக 11 கிரெடிட்டுக்கு 99 மணி நேரம். கடை வேலையைச் சேர்த்தால் 119. வாரத்தின் 168 மணி நேரத்தில் மீதி 49, அதாவது உறக்கம், உணவு, குளியல், பயணம் எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்கு 7 மணி நேரம். பையன் கெட்டிக்காரன் என்றால் படிப்பு நேரம் கொஞ்சம் குறையலாம். பாதியாகக் குறையும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

எல்லாப் பாடங்களும் ஒரே மாதிரிச் சுருங்குவதும் இல்லை. அரசாங்கப் பாடம் பெரும்பாலும் வாசிப்பும் கட்டுரையும்தான், வேகமாகப் படிப்பவன் சமாளித்துவிடுவான். கால்குலஸ் 2 அப்படியல்ல. தொகையிடும் முறைகள் கைக்குப் பழகுவதற்குள் முடிவிலித் தொடர்கள் வந்துவிடும். எந்தத் தொடருக்கு எந்தச் சோதனை பொருந்தும் என்பது நிறையக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே புலப்படும். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், வழக்கமான செமஸ்டரில் ஏறக்குறைய ஒரு வார வகுப்பு போனதற்குச் சமம்.

ஆகவே என் யோசனை இது: ஜூனில் கால்குலஸ் 2 மட்டும், கடை வேலையுடன், ஜூலையில் தொடங்கும் இரண்டாம் கோடைப் பருவத்தில் அரசாங்கம், இயற்பியலை இலையுதிர் செமஸ்டருக்குத் தள்ளிவிடுங்கள். கால்குலஸ் மட்டுமே வாரம் 36 மணி நேரம் கேட்கும் என்பதை உங்கள் கணவரும் பார்க்கட்டும். செலவு மிச்சம் என்ற அவருடைய வாதம் பாடம் தேறினால்தான் நிற்கும்: சி தரத்துக்குக் கீழே வாங்கிய பாடத்தைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏற்பதில்லை, கட்டிய பணம் போனதுதான். பணம் கட்டும் முன்பே, எந்தெந்தப் பாடம் அவனுடைய பட்டக் கணக்கில் ஏற்றுக்கொள்ளப்படும் என்று பல்கலைக்கழக ஆலோசகரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நிதியுதவி பெறுபவனாக இருந்தால், பல உதவிகளுக்குக் கோடையில் குறைந்தது ஆறு கிரெடிட் தேவைப்படும் என்பதையும் அதே கையோடு கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் மூன்றும்தான் என்று நின்றால், ஒரு நிபந்தனையோடு விட்டுவிடுங்கள். டெக்சாஸ் சட்டப்படி, 2007 இலையுதிர் காலத்திலிருந்து அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டப்படிப்பு முழுவதிலும் ஆறு பாடங்களுக்கு மேல் பாதியில் கைவிடக் கூடாது, சில விலக்குகள் உண்டு. ஐந்து வாரப் பருவத்தில் வழக்கமாக நான்காவது வகுப்பு நாள்தான் கணக்கெடுப்பு நாள், அதாவது யார் யார் படிக்கிறார்கள் என்று கல்லூரி அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கும் நாள். அதற்குள் விலகினால் அந்த ஆறில் ஒன்று குறையாது, மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது. எனவே மூன்றாம் நாள் இரவு அவனோடு உட்கார்ந்து, மூன்று பாடங்களின் வீட்டுப்பாடமும் முடிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முடிந்திருக்கவில்லை என்றால், மறுநாள் காலை கடைக்குப் போகும் முன் இயற்பியலிலிருந்து அவன் விலகிவிட வேண்டும் என்று இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.