அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு இவ்வளவு சம்பளம் ஏன்? சிறிய பல்கலைக்கழகங்கள் நல்ல பயிற்சியாளரை எப்படித் தக்கவைக்கின்றன?

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்குச் சுருக்கமான பதில் போதும்; இரண்டாவதுதான் விரிவாகப் பேச வேண்டியது. நான் ஒஹாயோவில் முதுகலை படித்துவிட்டு அங்கேயே வேலையில் அமர்ந்தவன். நான் படித்த பல்கலைக்கழகம் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற சிறிய கூட்டமைப்பைச் சேர்ந்தது. கூட்டமைப்பு என்பது தங்களுக்குள் போட்டிகளை நடத்திப் பட்டத்துக்கு மோதும் பல்கலைக்கழகங்களின் குழு. பயிற்சியாளர்களைப் பெரிய பல்கலைக்கழகங்களிடம் பறிகொடுத்தே பழகிப்போன கூட்டமைப்பு அது. இந்தப் பதிலில் கால்பந்து என்று நான் சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான்.

நிக் சேபனை அலபாமா பல்கலைக்கழகம் 2007இல் நியமித்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டாலர் என்று பேசி முடித்தது; ஒரு கல்லூரிப் பயிற்சியாளருக்கு இத்தனையா என்று அன்று நாடே வாயைப் பிளந்தது. 2024இல் ஜார்ஜியாவின் கர்பி ஸ்மார்ட் ஆண்டுக்கு 1.3 கோடி டாலர் பெறும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அது ஒரு நாள் செய்தியாகக் கடந்து போனது. இடைப்பட்ட காலத்தில் தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. பிக் டென் கூட்டமைப்பு 2023இல் தொடங்கிய 7 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். இந்த வருவாயில் லாபப் பங்கு கேட்பதற்குப் பல்கலைக்கழகங்களில் பங்குதாரர்கள் இல்லை. மைதானத்தில் அடிபடும் மாணவர்களுக்கோ உதவித்தொகைக்கு மேல் எதையும் தரக் கூடாது என்று விதி நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. ஆகவே வந்த பணம் பயிற்சியாளரின் சம்பளமாகவும் பளிங்கு பதித்த உடற்பயிற்சிக் கூடங்களாகவும் மாறியது. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருவாய் ஈட்டலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரச உடன்பாடு, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பகிர்ந்தளிக்கலாம் என்றது. இனிப் பயிற்சியாளர் சம்பளம் இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், பயிற்சியாளர் லேன் கிஃபினுக்கு 7 ஆண்டுகளுக்கு 9.1 கோடி டாலர் தர முன்வந்தது. வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் தொகை இன்னும் விந்தையானது. 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கிய டெக்சஸ் ஏ அண்ட் எம், அவருக்கு 7.6 கோடி டாலருக்கு மேல் கடன்பட்டது. பயிற்சி கொடுக்காமல் இருப்பதற்கான சம்பளம் அது.

இனிச் சிறிய பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைக்காட்சியிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர்கூட வருவதில்லை. அந்தப் பணத்துக்காகவே நவம்பர் மாதத்துச் செவ்வாய், புதன் இரவுகளில், உறைபனிக் குளிரில், பாதி காலியான அரங்கில் ஆடுகிறார்கள். விளையாட்டுத் துறைச் செலவில் பெரும்பகுதியை மாணவர் கட்டணமும் பல்கலைக்கழகப் பொது நிதியும் தாங்குகின்றன. ஒரு போட்டிக்கும் போகாத என் வகுப்புத் தோழர்களும் இந்தப் பயிற்சியாளர்களின் சம்பளத்தில் பங்களித்தவர்களே. மீதியை ஈட்டும் வழிகளில் ஒன்று, பெரிய பல்கலைக்கழகத்தின் அரங்குக்குப் போய் அடி வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலி பெற்றுத் திரும்புவது. ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் 2022இல் வாஷிங்டன், ஓக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய மூன்று இடங்களுக்கு இப்படிப் போய்ச் சுமார் 50 லட்சம் டாலர் ஈட்டியது, மூன்றிலும் தோற்றது. பருவத்தின் முதல் மாதத்திலேயே மூன்று தோல்விகளைப் பணத்துக்காக ஏற்றுக்கொள்ளும் ஓரிடத்தில் ஒரு பயிற்சியாளர் தன் பெயரைக் காப்பாற்றுவது எப்படி என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சிறிய இடங்களிலிருந்து பயிற்சியாளர்கள் போவது புதிதல்ல. ஆனால் முன்பு வென்றவர்கள்தான் போனார்கள். இதற்கு ஆர்கன்சா ஸ்டேட்டைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. 2011இல் அங்கே தலைமைப் பயிற்சியாளரான ஹியூ ஃப்ரீஸ் பத்து ஆட்டங்களில் வென்று, ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்து வந்த கஸ் மால்ஸான், ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகப் பெற்ற 13 லட்சம் டாலரை விட்டுவிட்டு 8.5 லட்சத்துக்கு இங்கே தலைமைப் பொறுப்பேற்றார். ஒரே பருவம் முடிந்ததும் அதே ஆபர்ன் அவரைத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2013இல் வந்த பிரையன் ஹார்சினும் ஓராண்டில் பாய்சி ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஒவ்வோர் ஆண்டும், நன்றாக ஆடிய அணிகளுக்குப் பருவ முடிவில் கிடைக்கும் பௌல் என்ற கூடுதல் போட்டிக்குத் தற்காலிகப் பயிற்சியாளரே அணியை அழைத்துச் சென்றார். ஆனாலும் ஆர்கன்சா ஸ்டேட் அந்த ஆண்டுகளில் தொடர்ந்து வென்றது. பறிகொடுப்பதிலும் ஒரு கௌரவம் இருந்த காலம் அது. எங்களிடம் வந்தால் ஓராண்டில் மேலே போகலாம் என்று அடுத்து வருபவரிடம் சொல்லிக்கொள்ள முடிந்தது.

இப்போது வெல்லாதவர்களும் போகிறார்கள், தலைமைப் பதவியை உதறிவிட்டுத் துணைப் பதவிக்கே போகிறார்கள். என் பார்வையில் சம்பள இடைவெளி செய்த பெரிய மாற்றம் இதுதான். நான் சொன்ன கென்ட் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஷான் லூயிஸ், 2022 டிசம்பரில் கொலராடோவில் தலைமைப் பயிற்சியாளர் டீயன் சாண்டர்ஸின் கீழ்த் தாக்குதல் ஆட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற துணைப் பதவிக்குப் போனார். பஃபலோவில் 2023இல் மூன்றே வெற்றிகள் கண்ட மரீஸ் லிங்க்விஸ்ட், அடுத்த ஜனவரியில் அலபாமாவில் துணைப் பொறுப்பை ஏற்றார். அதற்கடுத்த மாதம் ஜார்ஜியா ஸ்டேட்டின் ஷான் எலியட் தென் கரோலினாவுக்குத் துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார். பெரிய கூட்டமைப்புகளில் ஓர் ஒருங்கிணைப்பாளர் ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் பெறுவது இன்று அரிதல்ல. சிறிய இடங்கள் சிலவற்றில் துணைப் பயிற்சியாளர் அனைவரின் சம்பளத்தையும் கூட்டினாலும் அந்த ஒருவரின் சம்பளத்தை எட்டாது. பணம் மட்டுமே காரணம் என்று சொல்லவும் முடியாது. சிறிய இடத்தில் தலைமைப் பயிற்சியாளர் நன்கொடை திரட்ட வேண்டும், ரசிகர் சங்கக் கூட்டங்களில் பேச வேண்டும், அவற்றுக்கும் மேலாகத் தன் சொந்த ஆட்டக்காரர்களையே ஆண்டுதோறும் கெஞ்சி இருத்தி வைக்க வேண்டும். பல்கலைக்கழகம் மாறினால் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்ற பழைய விதி 2021இல் தளர்ந்த பிறகு, அவர் தேடிக் கண்டெடுத்து வளர்த்த இளைஞனை, இடம் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகப் பெரிய பல்கலைக்கழகம் பணம் காட்டி அழைத்துக்கொள்கிறது.

ஒரு பெரிய இடம் காலியானால் கீழே என்ன நடக்கிறது என்பதை 2024 ஜனவரி காட்டியது. சேபன் ஓய்வு பெற்றார். அலபாமா, வாஷிங்டனின் கேலன் டிபோயரை எடுத்தது. வாஷிங்டன், அரிசோனாவின் ஜெட் ஃபிஷை எடுத்தது. அரிசோனா, சான் ஹோசே ஸ்டேட்டின் பிரென்ட் பிரென்னனை எடுத்தது. இவ்வளவும் சில நாட்களுக்குள் முடிந்தது. டிபோயரை விட்டுக்கொடுத்ததற்கு வாஷிங்டனுக்கு 1.2 கோடி டாலர் ஈடு கிடைத்தது. வரிசையில் கீழே இறங்க இறங்க அந்த ஈட்டுத் தொகையும் சுருங்கிக்கொண்டே போகும். வரிசையின் கடைசியில் நின்ற சான் ஹோசே ஸ்டேட், மற்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் நியமனங்களை எப்போதோ முடித்துவிட்ட ஜனவரியின் பிற்பகுதியில் ஆள் தேடியது. கடற்படைக் கல்லூரியான நேவியின் அணியில் நெடுங்காலம் இருந்த கென் நியுமட்டலோலோ கிடைத்தது அதன் நல்ல காலம்.

மார்ஷல் பல்கலைக்கழகத்துக்கு அந்த நல்ல காலம் வாய்க்கவில்லை. 2024 டிசம்பரில் அது சன் பெல்ட் கூட்டமைப்பின் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் சார்ல்ஸ் ஹஃப்பின் ஒப்பந்தம் முடியவிருந்தது, புதுப்பிப்பு கைகூடவில்லை. கோப்பையை வென்ற மறுநாளே, அந்தப் பருவத்தில் ஒரே ஆட்டத்தில் வென்றிருந்த சதர்ன் மிஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் போனார். ஆட்டக்காரர்கள் கூட்டமாகப் போர்ட்டலில் நுழைந்தார்கள். அணியில் போதிய ஆள் இல்லாமல் பௌல் போட்டியிலிருந்தே மார்ஷல் விலகிக்கொண்டது. ஹஃப் சதர்ன் மிஸ்ஸிலும் ஒரே பருவம்தான் இருந்தார். 2025 முடிவில் மெம்ஃபிஸ் அவரை அழைத்துக்கொண்டது. அன்று மார்ஷல் இழந்தது ஒரு பயிற்சியாளரை மட்டுமல்ல, ஓர் அணியையே. பழைய ஆர்கன்சா ஸ்டேட் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது: அன்று பயிற்சியாளர் போனாலும் ஆட்டக்காரர்கள் தங்கினார்கள், ஆகவே அடுத்தவரால் வெல்ல முடிந்தது.

ஒப்பந்தம் முடியுமுன் பயிற்சியாளர் போனால் பழைய இடத்துக்குத் தர வேண்டிய ஈடான பைஅவுட் தொகையை உயர்த்திக் கேட்டால் பயிற்சியாளரைக் கட்டி வைக்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். உயர்த்தலாம். ஆர்கன்சா ஸ்டேட் மூன்று முறை பட்ட பிறகு, 2014இல் வந்த பிளேக் ஆண்டர்சனின் ஒப்பந்தத்தில் 30 லட்சம் டாலர் வரை கேட்டு வைத்தது. அவர் ஏழு பருவங்கள் இருந்தார். ஆனால் இது இருபக்கமும் கூரான கத்தி. மேலே போகும் கனவு உள்ள திறமைசாலி, கதவில் பெரிய பூட்டைக் கண்டால் கையெழுத்திடவே தயங்குவார். அவருடைய முகவர் வேறோர் இடத்தைக் காட்டுவார். டெக்சஸ் ஏ அண்ட் எம் போன்ற இடங்களுக்கு 30 லட்சம் சில்லறைக் காசு. எனவே என் கணிப்பில் பைஅவுட் என்பது பயிற்சியாளரைத் தடுக்கும் வேலி அல்ல, அவர் போன பிறகு அடுத்தவரைத் தேடவும் துணைப் பயிற்சியாளர்களை இருத்தவும் உதவும் கைமுதல். அப்படி எண்ணித் தொகையை வைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

அப்படியானால் யாரை எடுப்பது? கீழ்ப் பிரிவுகளில் வென்றவர்களை எடுப்பது ஒரு நல்ல வழி. டிபோயர் சியோக்ஸ் ஃபால்ஸ் என்ற சிறு கல்லூரியில் மூன்று தேசியப் பட்டங்கள் வென்றவர். லான்ஸ் லைபோல்ட், விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில் ஆறு பட்டங்கள் வென்றுவிட்டு 2015இல் பஃபலோவுக்கு வந்தார். கர்ட் சிக்னெட்டி அலபாமாவில் சேபனிடம் இருந்த துணைப் பதவியை விட்டு, 2011இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப்போய், ஈலான், ஜேம்ஸ் மேடிசன் வழியாக இந்தியானாவை அடைந்தவர். குறைந்த காசில் அணி கட்டத் தெரிந்தவர்கள் இவர்கள். பெரிய இடத்துத் துணைப் பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பயிற்சி அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் சிக்னெட்டி போனபோது ஜேம்ஸ் மேடிசனின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலரையும் உடன் அழைத்துக்கொண்டு போனார் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு வழி, பெரிய இடத்தில் நீக்கப்பட்டவரை எடுப்பது. பழைய முதலாளி தர வேண்டிய தொகையிலிருந்து புதிய சம்பளம் கழிக்கப்படும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அவர் மலிவான சம்பளத்துக்கும் சம்மதிப்பார். எப்படியும் மொத்த வருமானம் மாறப்போவதில்லை. டென்னசியில் நீக்கப்பட்ட பட்ச் ஜோன்ஸ், பழைய பாக்கி வந்துகொண்டிருந்ததால், அலபாமாவில் ஆண்டுக்கு 35,000 டாலர் வேலையில் அமர்ந்தார். பிறகு அவரை எடுத்ததும் அதே ஆர்கன்சா ஸ்டேட்தான். இந்த வகையில் மிகச் சிறந்த நியமனம், நெப்ராஸ்கா நீக்கிய ஃபிராங்க் சோலிச்சை ஒஹாயோ பல்கலைக்கழகம் 2005இல் எடுத்தது. அவர் பதினாறு பருவங்கள் அங்கேயே இருந்தார். மேலே ஏறி, கண்டு, களைத்தவருக்கு மறுபடி ஏறும் அவசரம் இருப்பதில்லை.

நாட்காட்டியின் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். புதிய மாணவர்கள் கையெழுத்திடும் நாள் டிசம்பர் தொடக்கத்துக்கு வந்துவிட்டதால், பெரிய இடங்கள் பருவம் முடிவதற்கு முன்பே பேரத்தை முடிக்கின்றன. 2025இல் அமெரிக்கன் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் துலேனும் நார்த் டெக்சஸும் மோதின. துலேனின் ஜான் சம்ரல் ஃப்ளோரிடாவுக்கும், நார்த் டெக்சஸின் எரிக் மாரிஸ் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் போவதாக அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. கோப்பைக்காக எதிரெதிரே நின்ற இருவருமே வேறு வேலைக்குப் போகிறவர்கள். அதே கூட்டமைப்பின் மெம்ஃபிஸ், சவுத் ஃப்ளோரிடா பயிற்சியாளர்களும் அந்த வாரங்களில் ஆர்கன்சாவுக்கும் ஆபர்னுக்கும் போனார்கள்.

ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் என்னிடம் யோசனை கேட்கப் போவதில்லை. கேட்டால், தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்தில் இன்னும் இரண்டு லட்சம் டாலரைக் கூட்டாமல், அதைத் துணைப் பயிற்சியாளர் நிதியில் போடச் சொல்வேன். ஆட்டக்காரர்களோடு அன்றாடம் பழகுபவர்கள் அவர்களே. தலைவர் போகும் நாளில் அவர்களில் இருவர் தங்கினாலும் அணியில் பாதி தங்கும். வந்தவருக்குக் காலம் கொடுக்கவும் சொல்வேன். மிச்சிகனில் ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. 1987க்குப் பிறகு நெடுங்காலம் அது பௌல் போட்டியையே காணவில்லை. 2014இல் டிரேக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கிறிஸ் கிரெய்ட்டன் முதல் இரண்டு பருவங்களில் மூன்றே ஆட்டங்களில் வென்றார். முதல் பிரிவுக் கால்பந்து நமக்கு வேண்டாம் என்று அங்குள்ள பேராசிரியர்களும் மாணவர்களும் 2016இல் அறிக்கையே வெளியிட்டார்கள். நிர்வாகம் அவரை நீக்கவில்லை. அதே ஆண்டு அணி பௌல் போட்டிக்குத் தகுதி பெற்றது. அங்கே அவர் கூட்டமைப்புப் பட்டம் எதையும் வென்றதில்லை, ஆகவே பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரைக் கொத்திக்கொண்டு போகவும் இல்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே பயிற்சி கொடுத்துவந்தார்.