அமெரிக்கா போகும் அம்மாவுக்கு ஆஸ்பிரின் தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. தங்கையின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து துபாய் வழியாக டல்லாஸ் போகிறார். காலில் வெரிகோஸ் வெயின் உண்டு. விமானத்தில் காலில் ரத்தம் கட்டிவிடும், ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறச் சொல்லுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொடுக்கலாமா?

பதில்: இதற்கென்று ஆஸ்பிரின் வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் நிறுத்தவும் வேண்டாம்.

காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது சுருங்கிச் சுருங்கி ரத்தக்குழாயைப் பிழியும். துபாய்–டல்லாஸ் ஏறத்தாழ 16 மணி நேரம். அவ்வளவு நேரமும் அது சும்மா கிடந்தால் ரத்தம் தேங்கும். பயப்படும் அளவுக்கு இல்லை: ஆரோக்கியமானவர்களில் 4 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் ரத்தக்கட்டி வரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அம்மாவுக்கு வயதும் வெரிகோஸும் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம் போதும்.

வீல்சேர் பதிவு செய்திருக்கிறீர்களா? ஆங்கிலத்துக்குப் பயந்து, நன்றாக நடக்கும் அம்மாக்களுக்கும் போட்டுவிடுகிறோம். அப்புறம் துபாயிலும் அவர் உட்கார்ந்தேதான் இருப்பார். உதவிக்கு ஆள் இருக்கட்டும். வண்டியைத் தள்ளச் சொல்லிவிட்டுக் கூடவே நடக்கட்டும்.

ஜன்னல் சீட் வேண்டாம், நடைபாதை ஓரம் வாங்குங்கள். பாத்ரூம் போக யாரையும் எழுப்ப வேண்டாமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் குறையும். உட்கார்ந்தபடியே மணிக்கொரு தரம் குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றித் தூக்கட்டும், பழைய தையல் மெஷின் மிதிப்பதுபோல.

குள்ளமானவரா? கால் தரையில் எட்டாவிட்டால் சீட்டின் விளிம்பு தொடையை அழுத்தும். 1940இல் லண்டன் குண்டுவீச்சின்போது பதுங்குமிடங்களில் இரவெல்லாம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிலர், காலில் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தது இப்படித்தான். கைப்பையைக் காலுக்கடியில் வைத்தால் சரி.

முழங்கால் வரைக்குமான அழுத்தக் காலுறை அவருக்கு நல்லது. காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்குங்கள். சர்க்கரை நோய் இருந்தால், பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகு போடட்டும்.

முன்பு ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தாலோ, சமீபத்தில் மூட்டு மாற்று போன்ற பெரிய ஆபரேஷன் நடந்திருந்தாலோ கதை வேறு. டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஊசி தேவைப்படலாம், பயணத்தைத் தள்ளிப்போடவும் சொல்லலாம்.

இறங்கியதும் இரண்டு கணுக்காலும் லேசாக வீங்கியிருப்பது சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் தங்கை உடனே 911ஐ அழைக்கட்டும். போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்தும் ரத்தக்கட்டி வரலாம் என்பதால், விமானத்தில் வந்தவர் என்பதை அங்குள்ள டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.